கடல் மூடும் காலத்தில் வரும் திருநாள்

திரேஸ்புரத்தின் மழைக்கால வாழ்வும் கூட்டுறவுச் சேமிப்பும்

உழவர்க்கும் நெசவாளர்க்கும் உரிய இவ்விதழில் கடற்கரையைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. பண்டிகைச் செலவைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் நாம் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். வரவறிந்து செலவு செய்யுங்கள் என்பதே அப்பேச்சின் சாரம். அந்த அறிவுரை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைத் தூத்துக்குடியின் வடபுறத்திலுள்ள திரேஸ்புரத்தில் கற்றுக்கொண்டோம். கற்றதை உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்வது நம் கடமையாகிறது.

திரேஸ்புரம் இன்று மாநகராட்சிக்கு உட்பட்ட பகுதி. ஆயினும் வாழ்க்கை முறையால் அது இன்னும் ஒரு கடற்கரைச் சிற்றூரே. நகரத்தின் மழைநீரைச் சுமந்து வரும் பக்கிள் ஓடை இங்கேதான் கடலில் கலக்கிறது. பெரிய விசைப்படகுகளுக்கு மீன்பிடித் துறைமுகம் தனியே உள்ளது. திரேஸ்புரத்துக் கரையில் நிற்பவை பெரும்பாலும் நாட்டுப்படகுகள். வலை வீசுவோரும் சங்கு குளிப்போரும் இங்கு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். கிறிஸ்தவர், இந்துக்கள், இஸ்லாமியர் ஆகிய மூவகையினரும் உள்ளனர். ஞாயிறு ஓய்வு நாளாதலால் சனிக்கிழமைகளில் படகுகள் மிகுதியாகக் கரை திரும்பும். அன்று ஏலக்களத்தில் நடக்க இடமிராது.

முத்துக்குளிப்பினால் பெயர் பெற்ற கரை இது. 1955 முதல் 1961 வரை அரசினர் நடத்திய முத்துக்குளிப்பே இங்கு நிகழ்ந்தவற்றுள் கடைசியானது. அதன்பின் முத்து என்பது முதியோரின் நினைவில் மட்டும் நிற்கிறது; சங்கும் மீனுமே இன்றைய பிழைப்பு.

மழையும் வாடையும்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் நாட்டார் சொல்வர். உழவர்க்கு அது விதைப்பின் காலம். நெசவாளர்க்கோ தறிக்குழியில் நீர் ஊறும் காலம். தெருவில் பாவு விரிக்க இயலாத காலம். மீனவர்க்கு அது கடல் மூடும் காலம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கிறது. வாடைக்காற்று வலுக்கும், வங்கக் கடலில் தாழ்வு நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் கடலுக்குச் செல்லும் அனுமதிச் சீட்டு நிறுத்தப்படும். படகுகள் கரையில் வரிசையாக நிற்கும். ஓடைகளும் ஆறும் சேற்று நீரைக் கொண்டுவந்து கொட்டுவதால் சங்கு குளிப்போர்க்கு அடிக்கடல் கண்ணுக்குத் தெரியாது. கலங்கிய நீரில் மூழ்குவது வீண் மட்டுமன்று, ஆபத்துமாகும்.

வரத்துக் குறைந்தால் விலை ஏறி ஈடுகட்டும் அல்லவா என்று வாசகர் கேட்கலாம். பொது விதி அதுவே. ஆனால் கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்கு மாலையணிந்தோரும் மார்கழி நோன்பு நோற்போரும் மீனை விலக்குகின்றனர். கொண்டுவருவதும் குறைவு, கொள்வோரும் குறைவு என்ற இரட்டை நெருக்கடி இக்கரைக்கு உரியது.

இந்நெருக்கடி மீனவரோடு நிற்பதில்லை. தூத்துக்குடியைச் சூழ்ந்துள்ள உப்பளங்களிலும் மழை தொடங்கியதும் உற்பத்தி நின்றுவிடும். அத்தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக ரூ. 5,000 வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. வேலையின்மை சோம்பலால் வருவதன்று, பருவத்தால் வருவது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு இஃது ஒரு சான்று.

சில ஆண்டுகளில் மழை நெருக்கடியோடு நில்லாமல் பேரிடராகவும் மாறுகிறது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த மழையை இம்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது; திருவைகுண்டத்தில் ஒரு இரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. மீனவர்தம் படகுகளும் மக்களை மீட்கச் சென்றன. கிறிஸ்துமஸுக்கு அப்போது ஒரு வாரமே இருந்தது.

விழாக்களின் வரிசை

இத்தகைய மூன்று மாதங்களில்தான் இவ்வூரின் விழாக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. நவம்பர் 14 முதல் 20 வரை நாடெங்கும் கூட்டுறவு வார விழா. சங்க அலுவலகங்களில் ஏழுவண்ணக் கொடி ஏறும். அதனையடுத்துக் கார்த்திகை தீபம். தெருவின் ஒரு பாதியில் அகல் விளக்குகள் எரியும். டிசம்பர் 3 புனித சவேரியார் திருநாள். 1542இல் இக்கரைக்கு வந்து பரதவரிடையே பணியாற்றிய அவர், 1552இல் சீனக் கடற்கரையை அடுத்த சான்சியன் தீவில் அந்நாளில்தான் உயிர்நீத்தார்.

டிசம்பர் பிறந்துவிட்டால் வீட்டு வாசல்களில் நட்சத்திர விளக்குகள் தொங்கும். சிறுவர் களிமண்ணும் வைக்கோலும் தேடிக் குடில் அமைப்பர். இரவு நேரங்களில் பாடற்குழுவினர் வீடுவீடாகச் செல்வர். விடியற்காலையில் அடுத்த தெருவில் மார்கழிக் கோலம் இட்டுப் பூசணிப்பூ வைத்திருப்பார்கள். தூத்துக்குடிக்கே உரிய மக்ரூன் என்னும் முந்திரி இனிப்புக்கு அடுமனைகளில் கூட்டம் சேரும். பின்னர் டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலி. ஆண்டிறுதி இரவில் நன்றி வழிபாடு. தை பிறந்ததும் பொங்கல். காணும் பொங்கலன்று குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் முயல்தீவுக் கடற்கரைக்குத் திரளும்.

இவ்விழாக்கள் வெறும் ஆடம்பரமல்ல. மணமுடித்துக் கொடுத்த மகள் வீட்டுக்கு வருகிறாள். வெளியூரில் பணிபுரியும் மகன் திரும்புகிறான். பேசாதிருந்த பங்காளிகள் பேசுகின்றனர். ஆண்டு முழுதும் அலையோடு போராடும் ஊருக்கு இவையே ஒன்றுகூடும் நாட்கள்.

ஒரு முதிய அம்மையார் கேட்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டுறவு வார விழாவில் பேசும்படி நம்மை அழைத்திருந்தனர். நாமும் வழக்கம்போல் சிக்கனத்தைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தினோம். கடன் வாங்கிப் புத்தாடை எடுப்பதும் விருந்து வைப்பதும் அறிவீனம் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னோம். முடித்தபின், மீன் விற்கும் முதிய அம்மையார் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, வயக்காட்டுக்காரருக்கு அறுத்த பெறகு பொங்கல் வருது. தறிக்காரருக்குத் துணி வித்த பெறகு தீபாவளி வருது. எங்களுக்குக் கடல் மூடுன பெறகுதான் பாலன் பிறப்பு வருது. அதுக்குப் பிள்ளையளுக்குத் துணி எடுக்கக் கூடாதுன்னு சொல்லுதீங்களா, இல்ல, எடுக்கிறதுக்கு ஒரு வழி சொல்லுதீங்களா?" என்றார்.

அவையில் சிரிப்பொலி எழவில்லை. நம்மிடமும் விடை இல்லை.

அவர் கூறியது பெரிதும் உண்மை. காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தைப்பொங்கலை ஒட்டி வருகிறது. விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசலில் புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மார்கழி, தையில் வீடு சேர்கின்றன. தாமிரபரணிப் பாசனத்துப் பிசான நெல் மட்டும் தை கழிந்தே அறுவடைக்கு வரும். ஆனால் அவ்வுழவரும் கதிர் வாங்கும் பயிரைக் கண்ணால் கண்டே பொங்கலிடுகிறார். நெசவாளர்க்கோ ஆண்டின் பெரிய விற்பனை தீபாவளிக்கு முன் நடந்துவிடும். பருவமும் பண்டிகையும் நிலத்தில் இணங்கி நடக்கின்றன. இக்கரையில் அவை முரண்படுகின்றன. முரண்பாட்டின் விலையை மீனவக் குடும்பம் கடனாகச் செலுத்துகிறது.

முன்பணத்தின் கணக்கு

அக்கடன் பெரும்பாலும் முன்பணமாக வருகிறது. டிசம்பரில் கைநீட்டிப் பெறுபவர், பிடிக்கும் மீனைக் கொடுத்தவரிடமே தரவேண்டும் என்பது அதன் நிபந்தனை. வட்டி என்ற சொல்லே அங்கு வராது. நாள்தோறும் விற்பனைத் தொகையில் ஒரு பகுதி பிடிக்கப்படும். அசல் அப்படியே நிற்கும்.

விளங்குதற் பொருட்டு ஒரு கணக்கைக் கொள்வோம். ஒருவர் ரூ. 20,000 முன்பணம் பெறுகிறார். தை பிறந்தபின் மாதம் 20 நாள் கடலுக்குச் சென்று, நாளொன்றுக்கு ரூ. 2,000க்கு மீன் விற்கிறார். ஏலக் கூலி எங்கும் உண்டு. அதனை நாம் குறை கூறவில்லை. அதற்கு மேல், கடன் பட்டமைக்காக நூற்றுக்குப் பத்து பிடிக்கப்படுவதாக வைத்துக்கொண்டால் நாளைக்கு ரூ. 200, மாதத்துக்கு ரூ. 4,000. தை முதல் வைகாசி முடிய ஐந்து மாதங்களில் ரூ. 20,000 போய்விடும். வாங்கியது முழுவதையும் கொடுத்த பின்னும் வாங்கியது முழுவதும் பாக்கி! அதே தொகையைச் சங்கத்தில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் பெற்றிருந்தால், அசலில் ஒன்றும் திருப்பாவிடினும் ஐந்து மாத வட்டி ரூ. 1,000 மட்டுமே. கட்டியவர் வேறெவரிடமும் தம் மீனை நல்ல விலைக்கு விற்கலாம் என்பது தனி ஆதாயம்.

நல்ல காலத்தில் வைத்த பணம்

அம்மையார் கேட்ட வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. கடல் மீனவர்க்கான சேமிப்பு நிவாரணத் திட்டம் அவ்வழியே அமைந்தது. மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினராகவும் வறுமைக்கோட்டுக்குக் கீழும் உள்ள மீனவர் ஒன்பது மாதங்களில் ரூ. 1,500 செலுத்துகிறார். மத்திய, மாநில அரசுகள் அதனோடு ரூ. 3,000 சேர்க்கின்றன. ஆகமொத்தம் ரூ. 4,500 மீன் குறைந்த மாதங்களில் அவருக்குத் திரும்புகிறது. மீனவ மகளிர்க்கும் இவ்வாறே ஒரு திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்திருந்தால் வீட்டுக்கு ரூ. 9,000 வரும். செலுத்தும் தொகையோ ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவு.

நெசவாளர் இதைப் படித்து வியப்படையார். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களில் 1975 முதல் நடைபெறும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில், கூலியில் ரூபாய்க்கு 8 காசு வீதம் நெசவாளர் ஒதுக்க, அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. கருத்து ஒன்றே, தறிக்கும் வலைக்கும் அதில் வேறுபாடில்லை.

எனினும் திட்டம் இருப்பது வேறு, பயன்படுவது வேறு. சனிக்கிழமை கையில் காசு புரளும்போது சங்கத்தின் ஆள் ஏலக்களத்துக்குச் சென்று சேமிப்பைப் பெறவேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வா என்றால், காசு அதற்குள் கரைந்துவிடும். திரும்பும் தொகையும் திருநாளுக்கு முன் கையில் சேரவேண்டும். தையில் வரும் பணம் மார்கழியில் பட்ட கடனை அழிக்காது.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

சர்வதேசக் கூட்டுறவு இணையம் 1966இல் ஏற்ற ஆறு நெறிகளுள் ஒன்று, கூட்டுறவுகளுக்கிடையே கூட்டுறவு என்பது. அதற்கு இக்கரை நல்லதொரு களம். தீபாவளி விற்பனைக்குப் பின் தேங்கிய சேலையும் வேட்டியும் போர்வையும் நெசவாளர் சங்கங்களில் கிடக்கும். அவற்றை டிசம்பர் முதல் வாரத்தில் மீனவர் குடியிருப்புக்குக் கொண்டுசென்று, மீனவர் சங்கத்தின் பொறுப்பில் தவணைக்கு விற்கலாம். உழவர் சங்கங்கள் அரிசியும் பருப்பும் வெல்லமும் அவ்வாறே தரலாம். தவணை மாசியில் தொடங்கட்டும். அப்போது கடல் திறந்திருக்கும். துணி விற்ற நெசவாளர்க்குப் பணம் வரும்; வாங்கியவரின் மீனுக்கு விலங்கு பூட்டப்படாது.

இரண்டாண்டுகள் கழித்து அந்த அம்மையாரை ஏலக்களத்தில் மீண்டும் கண்டோம். மகளிர் சங்கத்தில் சேர்ந்திருந்தார். "இந்த வருசம் முன்பணம் வாங்கினீர்களா, அம்மா?" என்று கேட்டோம். "வாங்கத்தான் செஞ்சேன், ஐயா. ஆனா பாதிதான்" என்றார். நாம் எதிர்பார்த்த விடை அதுவன்று. ஆயினும் அன்றைய மீனில் ஒரு கூடையை அவர் தம் விருப்பப்படி வேறொருவரிடம் விற்றதை அருகில் நின்று பார்த்தோம்.

கூட்டுறவின் வரலாறும் இக்குளிர்காலத்தில்தான் தொடங்கியது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் பலர் உட்பட 28 பேர் வாரந்தோறும் சில பென்னிகள் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் முதலாக்கி, 1844 டிசம்பர் 21 மாலையில் ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே அன்று அங்கிருந்த சரக்கு. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாளே இருந்தது. அவர்களும் வறியவரே, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் திருநாளை எதிர்பார்த்திருந்தனர். திருநாளைக் கைவிடுமாறு அவர்கள் எவர்க்கும் உபதேசிக்கவில்லை. கலப்படமற்ற மாவைச் சரியான எடையில் கிடைக்கச் செய்தனர்.

வரும் மாசியில் கடல் திறக்கும். அப்போது தொடங்கும் சேமிப்பே அடுத்த மார்கழியில் குடிலுக்கு விளக்காகும். மீனவர் சங்கங்கள் அம்மாதத்திலேயே சேமிப்புப் புத்தகங்களை எழுதத் தொடங்குமாறும், நெசவாளர், உழவர் சங்க நிருவாகிகள் இவ்வாண்டுப் பொதுப்பேரவையில் இவ்விஷயத்தை ஆலோசிக்குமாறும் வேண்டிக்கொள்கிறோம்.