எழுந்து நிற்க முடிகிறதா?

காசநோய் உறுதியானவர்களிடம் தமிழக அரசு மருத்துவமனைகளில் கேட்கப்படும் ஒரு கேள்வி: "எதையும் பிடிக்காம எழுந்து நிக்க முடியுதாங்க?" பெஞ்சில் கையூன்றியும் எழ முடியவில்லை, கூட வந்த மனைவிதான் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால், மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வகுத்த நடைமுறை இது. எடை, உயரம் பார்ப்பார்கள். காலை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பார்கள். மூச்சை எண்ணி, விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டுவார்கள். உடல் நிறை குறியீடு 14-க்குக் கீழே இருந்தாலும் ஆபத்துதான். 160 செ.மீ. உயரமுள்ளவர் 36 கிலோ கூட இல்லை என்று அர்த்தம்.

எலும்புருக்கி நோய் என்று சும்மாவா சொன்னார்கள்? காய்ச்சல் உடம்பின் சக்தியை எரிக்கிறது, பசியோ அற்றுப்போகிறது. உள்ளே வருவது போதாமல், உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவழிக்கிறது. மூட்டை தூக்கியவருக்குக் குடம் தூக்க முடியாமல் போவது இதனால்தான். 'சோம்பேறி ஆயிட்டான்' என்று வீட்டிலேயே பேசுவது பெருங்கொடுமை.

மாத்திரை கிருமியைக் கொல்லும். கரைந்த தசையைச் சோறும் பருப்பும்தான் மீட்கும். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில், சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. நோயாளிக்கு மாதம் 10 கிலோ உணவுப்பொருள்: அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு அது வெறும் 2 கிலோ! வீட்டாருக்கும் உணவு கொடுத்த குடும்பங்களில், புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு தரும் மாத உதவித்தொகை, 2024 நவம்பரிலிருந்து 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. முட்டையும் பருப்பும் விற்கிற விலையில் கூலி இழந்த குடும்பத்துக்கு இது போதாது. பணமாக மட்டுமில்லாமல் பொருளாகவும் ரேஷன் கடை வழியே கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா, உடம்பு இளைக்கிறதா? சத்து டானிக் வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.