கவிழ்த்துப் பார்த்ததுண்டா? மண்பாண்டக் கடைக்குள் ஒளிந்திருக்கும் அதிசயங்கள்!

சென்னைக் கொசப்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? கொசுவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! வட தமிழ்நாட்டில் குயவரைக் கொசவர் என்பார்கள். கொசவர் வாழ்ந்த பேட்டை கொசப்பேட்டை ஆனது. இன்றைக்கும் கொலு பொம்மையும் களிமண் பிள்ளையாரும் வாங்க ஊர் முழுக்க அங்கேதான் போகிறது. வேலூரிலும் ஒரு கொசப்பேட்டை உண்டு!

அந்தப் பக்கம் போனால் நான் நுழையாமல் வராத சின்னக் கடை ஒன்று இருக்கிறது. வாசலில் பானை, சட்டி, அகல். உள்ளே மர அலமாரியில் கையால் வனைந்த கோப்பைகள், கிண்ணங்கள், ஊறுகாய் ஜாடிகள். முதல் நாள் ஒரு கோப்பையைக் கையில் எடுத்து நிறத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அக்கா சொன்னார்: “கலர அப்புறம் பாரு தம்பி. மொதல்ல கவுத்துப் பாரு.”

கவிழ்த்தேன். அடிப்பாகத்தில், கடற்கரையில் பொறுக்கும் சிப்பியின் முதுகில் இருப்பதுபோல வரி வரியாக வளைந்த கோடுகள்! அவை எப்படி வந்தன தெரியுமா? வனைந்து முடித்ததும் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு நூலையோ மெல்லிய கம்பியையோ அடியில் கொடுத்து இழுத்துக் கோப்பையை அறுத்து எடுக்கிறார்கள். சக்கரத்தின் சுழற்சியும் கையின் இழுப்பும் சேர்ந்து அந்தச் சிப்பிக் கோலம் விழுகிறது. சக்கரத்தை நிறுத்திவிட்டு அறுத்தால் கோடுகள் நேராக இருக்கும். அடியைச் சீவி வளையம் எடுத்திருந்தால் வட்ட வட்டமாகச் சீவல் தடம் தெரியும். அச்சில் வார்த்த கோப்பையில் இது எதுவுமே கிடையாது. பல நேரம் பக்கவாட்டில் தையல் போட்டதுபோல ஒரு மெல்லிய கோடுதான் இருக்கும். எது கை, எது அச்சு என்று இனி உங்களை யாரும் ஏமாற்ற முடியாது!

கவிழ்த்ததும் இன்னொன்றும் கண்ணில் படும். கோப்பை முழுக்கப் பளபளவென்று இருக்க, அடி வளையம் மட்டும் சொரசொரப்பான வெறும் மண்ணாக இருக்கும். பூச மறந்துவிட்டார்களா? இல்லவே இல்லை! கிளேஸ் என்று சொல்கிறோமே, அந்தப் பளபளப்புப் பூச்சு உண்மையில் கண்ணாடி. சூளையில் அது உருகி ஓடும். அடியிலும் பூசினால் கோப்பை சூளைத்தட்டோடு ஒட்டிக்கொண்டு, உடைத்தால்தான் வரும்.

இப்போது விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். அடியிலிருந்து விளிம்புவரை சுருள் சுருளாக ஒரு பள்ளம் ஏறும். வனைந்தவரின் விரல் போன பாதை அது! ஆனால் உங்கள் விரல் அந்தப் பள்ளத்துக்குக் கொஞ்சம் பெரிதாக இருப்பதுபோலத் தோன்றும். காரணம் தெரியுமா? அந்தத் தடமும் சுருங்கியிருக்கிறது! கல்லைப்போல இறுகும் ஸ்டோன்வேர் களிமண் காய்ந்து, சுமார் 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸில் வெந்து முடிவதற்குள் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நூற்றுக்கு 10, 12 பங்கு சுருங்கிவிடுகிறது. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும். 250 மில்லி பிடிக்கும் கோப்பை வேண்டுமென்றால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 350 மில்லி பிடிக்கிற கோப்பையை வனைய வேண்டும்! இந்தக் கணக்கையெல்லாம் குயவர் கையிலேயே வைத்திருக்கிறார். ஜாடிக்கு மூடி சரியாக உட்கார்ந்தால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பச்சை மண்ணில் அளந்த இரண்டும் ஒரே அளவாகச் சுருங்கியதால்தான் அது உட்கார்ந்திருக்கிறது.

வெயிலில் நன்றாகக் காய்ந்த, ஆனால் சூளை ஏறாத பானையைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? சற்று நேரத்தில் கரைந்து மறுபடி களிமண் ஆகிவிடும். அதே பானை சூளையில் சுமார் 600 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஆயிரம் ஆண்டு தண்ணீரில் கிடந்தாலும் கரையாது! மண்ணின் மூலக்கூறுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் தண்ணீர் அந்தச் சூட்டில் விட்டு வெளியேறிவிடுகிறது. அதன்பின் பழைய களிமண்ணாகத் திரும்பாது. அங்கிருந்து அது மண் அல்ல, கிட்டத்தட்டக் கல்.

அதனால்தான் கீழடி நமக்குக் கிடைத்தது! மரம் மக்கும், ஓலை மக்கும், துணி மக்கும். பானை ஓடு மக்காது. கீழடியின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை கணித்திருக்கிறது. அங்கே கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கின்றன. என் பானை இது என்று யாரோ உரிமையோடு கீறி வைத்தது! இன்னும் கேளுங்கள். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில் ஒரு ஜாடி ஓடு கிடைத்தது. அதிலும் தமிழி எழுத்து. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை ‘பானை ஒறி’ என்று படித்தார். பானையைத் தொங்கவிடும் உறிதான் அது! பாட்டி வீட்டில் தயிர்ப்பானை தொங்கிய அதே உறி, ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து போயிருக்கிறது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எதிர்த்திசையில் வந்ததும் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் செந்நிறத் தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. சில ஓடுகளில் அதைச் செய்த பட்டறையின் முத்திரை இருந்தது. அந்தத் தட்டுகள் எந்தக் காலத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அரிக்கமேட்டின் காலமும் பிடிபட்டது! வீலர் செய்ததும் அக்கா சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: பாண்டத்திலுள்ள தடத்தைப் படிப்பது.

சரி, கறுப்புச் சட்டிக்கும் சிவப்புச் சட்டிக்கும் மண் வேறா? பெரும்பாலும் ஒரே மண்தான்! வித்தியாசம் காற்றில் இருக்கிறது. காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். காற்றை அடைத்துப் புகையைத் தேக்கினால் கறுக்கும். பழந்தமிழர் இரண்டையும் ஒரே பானையில் வரவழைத்தார்கள். உள்ளேயும் வாய்ப்பக்கமும் கறுப்பு, வெளியே கீழ்ப்பக்கம் சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்து, வாய்ப்பக்கம் காற்றுப் புகாமல் சுட்டால் அப்படி வரும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிரஷ் இல்லை, சாயம் இல்லை, நெருப்பு மட்டும்! செம்பு கலந்த கிளேஸும் அப்படித்தான். காற்றுள்ள சூளையில் பச்சை, காற்று குறைந்த சூளையில் இரத்தச் சிவப்பு. பூசும்போது ஏதோ சாம்பல் நிறக் குழம்பாகத்தான் இருக்கும். சூளையைப் பிரிக்கும்வரை நிறம் யாருக்கும் தெரியாது.

அலமாரியின் மேல்தட்டில் நீலப் பூப்போட்ட ஜெய்ப்பூர்ச் சாமான்கள் இருந்தன. அதில் களிமண்ணே முக்கியப் பொருள் இல்லை என்பது தெரியுமா? படிகக்கல் பொடியும் கண்ணாடிப் பொடியும் பிசினும் சேர்த்துப் பிசைந்த மாவு அது! போன் சைனா என்பதில் போன் என்றால் நிஜமாகவே எலும்புதான். ஏறக்குறையப் பாதி எலும்புச் சாம்பல்!

மண்பானைத் தண்ணீருக்கு வருவோம். மேசைக்கரண்டி அளவுகூட இல்லை, வெறும் 10 கிராம் தண்ணீர் கசிந்து ஆவியாகிப் போனால் போதும். வெளிச்சூடு உள்ளே வராத பட்சத்தில், பானையிலுள்ள ஒரு லிட்டரின் சூடு 5 டிகிரிக்கு மேல் இறங்கும்! ஆவியாகும் தண்ணீர் அவ்வளவு சூட்டையும் தூக்கிக்கொண்டு போகிறது. சென்னையின் புழுக்கத்தில் பானைத் தண்ணீர் மதுரை வெயிலில் குளிர்வதுபோல் குளிராததற்கும் இதுவே காரணம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. நாள்பட்ட பானை குளிரவில்லை என்றால் உப்பு படிந்து நுண்துளை அடைத்திருக்கும். மாற்றிவிட வேண்டியதுதான்.

வாங்கும்போது பாட்டிமார் பானையைச் சுண்டிப் பார்ப்பார்களே, அது வெறும் பழக்கமல்ல! கீறல் இல்லாத பானை ‘ணங்’ என்று நீளமாக ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல் இருந்தாலும் அதிர்வு அங்கே அறுந்து ‘டப்’ என்று செத்துவிடும். இந்த ஒலிக்காகவே செய்யப்படும் பானை ஒன்று உண்டு. மானாமதுரைக் கடம்! மண்பாண்டத்துக்குப் பேர்போன அந்த ஊரின் பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடத்தின் சுருதி பெரும்பாலும் சூளையோடு முடிவாகிவிடுவதால், வித்வான்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கடங்களை வைத்திருப்பார்கள்.

நான் கவிழ்த்துப் பார்த்த கோப்பை புதுச்சேரிப் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து வந்தது. அங்கே ஸ்டோன்வேர் வேரூன்றிய கதை தெரியுமா? 1971-இல் அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள் தனித்தனியாகப் பட்டறை போட, அந்த வட்டாரமே கோப்பையும் கிண்ணமுமாகப் பெருகியது. மீக்கர் அதோடு நிற்கவில்லை. 1980-களில் பச்சைச் செங்கல்லால் வீட்டைக் கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டார்! உள்ளே நிரப்பி வைத்த செங்கல்லும் சாமானும் வீட்டோடு சேர்ந்தே வெந்தன.

அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டேன். இந்தக் கிளேஸில் புளிக்குழம்பு ஊற்றலாமா? தயங்காமல் பதில் வந்தது. “ஒரு எலுமிச்சத் துண்ட ராத்திரி முழுக்க வெச்சுப் பாரு. காலைல அந்த எடத்துல கலர் மாறியிருந்தா, அதுல பூ வை. சாப்பாடு வேணாம்.” புளிப்பு பட்டால் நிறம் கழலும் கிளேஸிலிருந்து உலோகமும் கழலக்கூடும். பழைய, மலிவான கிளேஸ்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. எனவே, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மலிவாக ஏதாவது கிடைத்தால் கட்டாயம் கேளுங்கள். கேள்விக்கு முகம் சுளிக்கிற கடையில் நான் சாப்பாட்டுப் பாத்திரம் வாங்குவதில்லை. கிளேஸ் இல்லாத மண்சட்டிக்கு வேறு வழி. ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, வடிகஞ்சி ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டுப் பழக்க வேண்டும். கஞ்சியிலுள்ள மாவு வெந்து நுண்துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. பழகிய சட்டியில் மீன்குழம்பை இறக்கிவைத்த பிறகும் சில நிமிடம் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சட்டி சேர்த்து வைத்திருக்கும் சூடு அது!

கோப்பையை அக்கா வாங்கி விரலால் ஒரு சுண்டு சுண்டினார். ணங். காதை விட்டு எடுக்காமல் அது அடங்கும்வரை கேட்டார். பிறகு பழைய தினசரித் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, கைப்பிடிப் பக்கம் மட்டும் மூன்றாவதாக ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். “கைப்பிடி தனியா ஒட்டுனது தம்பி. அதுக்குத்தான் கூட ஒரு பேப்பர்.”