முகத்துல தெரியாது... கேட்டாத்தான் தெரியும்!

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அஞ்சு நிமிஷம் நின்னா தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தின்னு எல்லாம் காதில் விழும். சிப்காட் வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். புது வீடு, புது ஸ்கூல், புது பாஷை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட்... நமக்கே தலை சுத்தும். அந்த வீட்டில் ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்தால்? தினமும் எல்லாம் ஒரே மாதிரி நடந்தால்தான் அதில் பல குழந்தைகளுக்கு நிம்மதி!

ஆட்டிசம் நோய் இல்லை ப்ரெண்ட்ஸ்... மூளை வளரும் விதத்தில் இருக்கும் வித்தியாசம். ஆனா, கூடவே வர்ற பதற்றம் பல குழந்தைகளை வாட்டி எடுக்குது. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆட்டிசம் உள்ள 791 குழந்தைகளில் 14 சதவிகிதம் பேருக்குத் தற்கொலை எண்ணமோ, முயற்சியோ இருந்ததாகப் பெற்றோர் சொல்லியிருக்காங்க. ஆட்டிசம் இல்லாத குழந்தைகளிடம் இது வெறும் 0.5 சதவிகிதம். மனச்சோர்வு உள்ளவர்கள், கேலிக்கு ஆளானவர்கள், பத்து வயசைத் தாண்டியவர்களிடம் ஆபத்து இன்னும் அதிகம்.

சிக்கல் என்னன்னா, இது முகத்தில் தெரியாது. ஒரே கேள்வியை இருபது தடவை கேட்கிறது, காலையானா வயித்துவலி, ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுகை... நாம 'பிடிவாதம்'னு சொல்லிடுவோம். 'நான் இல்லைன்னா நல்லாருக்கும்' என்பதைக்கூட வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லும் குழந்தை உண்டு. மீட்டர் முள் நகரலைன்னா பாய்லர்ல பிரஷர் இல்லைன்னா அர்த்தம்?

அந்தக் குழந்தை உங்க தம்பியா, டியூஷன் வர்ற வாண்டா இருக்கலாம். நீங்க செய்யவேண்டியது இதுதான். 'எப்படி இருக்கே?'ன்னு பொதுவா கேட்காதீங்க. 'பயம் பத்துக்கு எத்தனை?'ன்னு கேளுங்க. சந்தேகம் வந்தா, 'சாகணும்னு தோணுதா?'ன்னு நேராவே கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் வந்துடாது. 'ஆமா'ன்னா திட்டாதீங்க, தனியா விடாதீங்க. 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்'னு சத்தியம் பண்ணாம, உடனே வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லுங்க.

பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவு இருக்கு. ஓசூரிலிருந்து பஸ்ஸிலேயே போயிடலாம். ராத்திரி நேரமா? 14416-க்கு போன் போடுங்க. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்'. 24 மணி நேரமும் இலவசம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் பேசலாம்.

இதைப் படிக்கிற உங்களுக்கே அப்படித் தோணுதா? உங்களுக்கும் அதே நம்பர்தான். இன்னிக்கே பேசுங்க!