கடனில் வீட்டை இழந்த பின் மீண்டும் வீடு வாங்குதல்

தவணை கட்ட முடியாமல் அடமான வீட்டை ஏலத்தில் இழந்த குடும்பம், தன் கடன் நம்பகத்தை மீட்டு மறுபடியும் வீட்டுக்கடன் பெற்று வீடு வாங்குவதே இக்கட்டுரையின் பொருள். வேலையிழப்பு, தொழில் நட்டம், நீண்ட நோய், குடும்பத் தலைவரின் மரணம் ஆகியவை வீட்டை இழப்பதற்கான பொதுவான காரணங்கள். வீட்டை இழந்தவர் மீண்டும் கடன் கேட்பதற்கு இந்தியாவில் சட்டத் தடை இல்லை. பழைய கடனின் பதிவே தடையாக நிற்கிறது.

வீடு ஏலத்துக்குச் செல்லும் முறை

வங்கிகள் பெரும்பாலும் 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கின்றன. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அது வாராக்கடன் ஆகும். பின்னர் 60 நாள்களுக்குள் கடனைச் செலுத்துமாறு வங்கி அறிவிப்பு அனுப்பும். கடன் பெற்றவர் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாள்களுக்குள் வங்கி பதில் தர வேண்டும். 60 நாள்கள் கடந்தபின் வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். அதை எதிர்த்து 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன் நிலுவையையும் செலவுகளையும் முழுமையாகக் கட்டினால் வீட்டை மீட்கலாம்.

ஏலத்துக்குப் பின் நிலுவை

வீடு போனதும் கடனும் போய்விட்டது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. நிலுவை 20 லட்சமாக இருந்து, செலவு போக ஏலத்தில் 17 லட்சம் கிடைத்தால், மீதி 3 லட்சத்தை வங்கி கடன்தாரரிடம் கேட்கலாம். மாறாக 23 லட்சம் கிடைத்தால், வேறு உரிமை கோருவோர் இல்லாத நிலையில், உபரி 3 லட்சம் கடன்தாரருக்குச் சேர வேண்டும். எனவே ஏலக் கணக்கை எழுத்தில் கேட்டுப் பெறுதல் அவசியம்.

மீதியை வங்கி தள்ளுபடி செய்து முடித்தால், கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும். முழுதும் கட்டினால் 'குளோஸ்டு' என்று பதிவாகும். புதிய கடன் தரும் வங்கி முதல் வகையை ஐயத்துடனே பார்க்கும்.

கடன் பதிவைச் சீர்செய்தல்

இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் கடன் தகவலைத் திரட்டுகின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கட்டி முடித்த கடன் நிலுவையாகவே காட்டப்பட்டால் திருத்தம் கோரலாம். புகார் 30 நாள்களுக்குள் தீராவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

பழைய கடனில் மனைவி இணைக் கடன்தாரராகவோ, உறவினர் ஜாமீன்தாரராகவோ இருந்திருந்தால் அவர்களின் பதிவும் பாதிக்கப்பட்டிருக்கும். அவர்கள் பெயரில் விண்ணப்பிக்கும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

கைப்பணம்

30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை கடன் தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 30 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கைப்பணம் 3 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 விழுக்காடு, அதாவது 2.7 லட்சம் தனி. ஆகக் குறைந்தது 5.7 லட்சம் கையில் வேண்டும். முன்பு தவறியவருக்கு வங்கி இன்னும் குறைவாகவே கடன் தரக்கூடும். இத்துடன் சில மாதத் தவணைக்கான சேமிப்பும் தனியே இருந்தால், வருமானம் நின்றாலும் 90 நாள் கெடு உடனே நெருங்காது.