பூச்சுத் தைலமும் பெண்ணின் பாலியற் குறைபாடும்: ஒரு நோக்கு

ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாபில் (வயாகரா) மாத்திரைக்கு 1998ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. அதனைத் தொடர்ந்து, பெண்களுக்கும் அத்தகையதொரு மருந்தைக் கண்டறியும் முயற்சி தீவிரமடைந்தது. அம்முயற்சியின் ஒரு கிளையாகவே, பெண்குறியின் வெளிப்பகுதியிற் பூசப்படும் தாவரத் தைலங்கள் சந்தைக்கு வந்தன. இவை உண்மையிற் பயனளிப்பனவா, அவற்றின் எல்லை யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது ‘ஸெஸ்ட்ரா’ என்னும் தைலம். போராஜ், ஈவினிங் பிரிம்றோஸ் ஆகிய செடிகளின் வித்துக்களிலிருந்து பெறப்படும் எண்ணெய்களும், அஞ்செலிக்கா, கோலியஸ் ஆகியவற்றின் சாறுகளும் இதன் பிரதான கூறுகள். இறுதியாகக் கூறப்பட்ட கோலியஸ் தமிழர்க்கு அந்நியமானதன்று. சேலம் மாவட்டத்தில் ‘மருந்துக் கூர்க்கன்’ என்ற பெயரிற் பயிரிடப்படும் செடியே அது. அதன் வேரிலுள்ள போர்ஸ்கொலின் என்னும் பதார்த்தம் 1970களில் இந்திய ஆய்வுகூடங்களிற் பிரித்தெடுக்கப்பட்டது. அது கலங்களிலுள்ள ஒரு நொதியத்தைத் தூண்டிக் குருதிக் குழாய்ச் சுவரின் தசைகளைத் தளரச் செய்யும். வித்தெண்ணெய்களிலுள்ள காமா-லினொலெனிக் அமிலம், குருதிக் குழாய்களை விரிவடையச் செய்யும் புறொஸ்டகிளாண்டின் ஒன்றின் மூலப்பொருளாகும். குருதியோட்டம் பெருகினால் உணர்ச்சியும் ஈரலிப்பும் பெருகும் என்பதே இதன் பின்னுள்ள எடுகோள்.

எடுகோள் வேறு, நிரூபணம் வேறு. 2003ஆம் ஆண்டில் வெளியான முதலாவது ஆய்விற் பங்குபற்றியோர் 20 பெண்கள் மாத்திரமே. 2010இல் வெளியான இரண்டாவது ஆய்வில் 256 பெண்கள் பங்குபற்றினர். போலித் தைலத்துடன் ஒப்பிடுகையில் விருப்பு, கிளர்ச்சி ஆகியவற்றில் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டதாக அது கூறியது. தைலத்தைப் பயன்படுத்தியோரில் 14.6 சதவீதத்தினருக்கு இலேசானது முதல் மிதமானது வரையான எரிவு ஏற்பட்டது என்பதும் அதன் பேறுகளுள் ஒன்று. இத்துறை ஆய்வுகளிற் போலிமருந்து பெற்ற பெண்களும் கணிசமான முன்னேற்றத்தைத் தெரிவிப்பது வழமை. தொடுகையும், அதற்கென ஒதுக்கப்படும் நேரமும், தன் உடலின்பால் ஒருத்தி செலுத்தும் கவனமும் தம்மளவிற் பயன் தருவன என்பதை இது உணர்த்துகின்றது எனலாம்.

அடுத்து, ‘குறைபாடு’ என்ற சொல்லை நோக்குவோம். அமெரிக்கப் பெண்களில் 43 சதவீதத்தினர் பாலியற் குறைபாடு உடையோர் என 1999இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை கூறிற்று. ஏழு பிரச்சினைகளில் ஏதேனும் ஒன்று, முந்திய ஓராண்டினுள் சில மாதங்கள் இருந்ததாகக் கூறிய எவரும் இத்தொகையுட் சேர்க்கப்பட்டனர். 2008இல் முப்பத்தோராயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்விலும் பிரச்சினை உடையோர் ஏறத்தாழ 43 சதவீதத்தினரே. ஆயினும் பிரச்சினையும் அதனால் மனவேதனையும் ஒருங்கே உடையோர் சுமார் 12 சதவீதத்தினர் மாத்திரமே. களைப்பினாலோ கவலையினாலோ விருப்புக் குன்றுவதை நோயெனக் கொண்டால் மருந்துக்கான சந்தை பன்மடங்கு விரியும். பெண்நிலைவாதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து எழுப்பிவரும் விமர்சனத்தின் சாரம் இதுவே.

இதனால் அப்பன்னிரண்டு சதவீதத்தினரின் துன்பம் பொய்யாகிவிடாது. ஆனால் அதன் காரணங்கள் பலவாகும். மாதவிடாய் நிறுத்தத்தின் பின் ஈஸ்திரஜன் குறைவதால் யோனியின் இழையம் மெலிந்து வரட்சியும் வலியும் தோன்றும். இதற்கு உள்ளிடத்திற் பூசும் ஈஸ்திரஜன் களிம்பு நன்கு நிறுவப்பட்ட சிகிச்சை. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் உச்சநிலையைத் தடுக்கின்றன; இங்கு வேண்டுவது மருத்துவரின் ஆலோசனையுடன் மாத்திரையை மாற்றுதல். நீரிழிவு, பிரசவக் காயம், அச்சம், வன்முறை, ஓய்வற்ற வீட்டுவேலை என்பனவும் காரணங்களே. குருதியோட்டத்தை மாத்திரம் பெருக்கினால் போதும் என்ற கருத்துக்குப் பெரிய அடி 2004இல் விழுந்தது. சுமார் 3000 பெண்களிற் சோதித்த பின்னர், சில்டெனாபிலைப் பெண்களுக்குரிய மருந்தாக்கும் முயற்சியை அதன் உற்பத்தியாளர் கைவிட்டனர்.

‘மூலிகை’ என்ற சொல் நம்மவரிடையே ஐயமற்ற நம்பிக்கையை ஊட்டுவது. அமெரிக்காவில் அழகுசாதனமாக விற்கப்படும் தைலம், விற்பனைக்கு முன் தன் பயனை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது மனங்கொள்ளத் தக்கது. எண்ணெய் கலந்த எப்பூச்சும் இறப்பர் ஆணுறையை வலுவிழக்கச் செய்யும். கர்ப்பத்துக்கும் தொற்றுக்கும் எதிரான காப்பு அதனால் இல்லாமற் போகலாம். நீடித்த வலியையோ இரத்தக் கசிவையோ தைலத்தால் மறைக்க முயல்வது, உரிய சிகிச்சையைப் பிற்போடுவதாகும்.

மறுபுறம், மௌனமும் ஒரு தீங்கே. 2010இல் இத்தைலத்தின் விளம்பரத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் பல ஏற்க மறுத்தன. ஆணின் விறைப்புக்கான மாத்திரை விளம்பரங்களோ தடையின்றி ஒளிபரப்பாகின. ஆணின் குறை மருத்துவமாகவும் பெண்ணின் குறை ஆபாசமாகவும் கொள்ளப்பட்டமை இதிற் புலனாகின்றது. நமது சமூகத்திலும் வலியைத் தாயிடமோ தாதியிடமோ கூறத் தயங்கும் பெண் இறுதியிற் கடைத்தட்டிலுள்ள புட்டியையே நாடுகிறாள். வணிகம் அவள் வேதனையைப் பெருக்கிக் கணக்கிடுகின்றது. மரபு அதனை இல்லையென்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே அவள் கூறுவதைச் செவிமடுத்துக் காரணத்தை ஆராயும் மருத்துவமே நமக்கு வேண்டப்படுவது. தைலம் அம்மருத்துவத்தின் ஒரு சிறு துணையாகலாம். அதன் பதிலியாக முடியாது.