15 கலம் எப்படி 16 கலம் ஆச்சு? எக்செல் குறுக்குவிசைகள் பற்றி ஒரு குறிப்பு

திருமுக்கூடல் எங்க அம்மா ஊருக்குப் பக்கம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேருற இடம். அக்கரையில பழையசீவரம், இக்கரையில வெங்கடேசப் பெருமாள் கோயில். அந்தக் கோயில் சுவர்லதான் வீரராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற கல்வெட்டு இருக்கு. 11ஆம் நூற்றாண்டு. கோயில் செலவு, வேதம் படிக்கிற மாணவர்களின் சாப்பாடு, அவர்களுடைய சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், 15 படுக்கை கொண்ட 'வீரசோழன்' ஆதுலர் சாலையின் சம்பளப் பட்டியல், மருந்துப் பட்டியல் என்று எல்லாத்தையும் வரிவரியா கணக்கு போட்டு வெட்டி வச்சிருக்காங்க. சுருக்கமா சொன்னா, கல்லுல ஒரு பட்ஜெட்.

பட்ஜெட்னு தெரிஞ்சதும் சாஃப்ட்வேர்காரன் என்ன பண்ணுவான்? எக்செல்லைத் திறப்பான். நானும் அதைத்தான் பண்ணேன். எபிகிராஃபியா இண்டிகா 21ஆம் தொகுதியில வந்த பாடத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, முதல்ல ஆதுலர் சாலை ஊழியர்களின் வருஷச் சம்பளத்தை ஏத்தினேன். பிரிண்ட் எடுத்து, ஊர்ல இருக்கிற மாமாகிட்ட பெருமையா நீட்டினேன். மாமா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்.

ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு கேட்டார்: "ஏண்டா, தண்ணி கொண்டாறவனுக்கு நாவிதனை விட ஒரு கலம் ஜாஸ்தியா? கல்லுல ரெண்டு பேருக்கும் பதினஞ்சுன்னு நீதானே படிச்சுக் காட்டின?"

பார்த்தா, நாவிதனுக்கு 15 கலம், தண்ணீர் கொண்டுவருபவருக்கு 16 கலம். நான் 16ன்னு டைப் பண்ணவே இல்லை! அதுக்குள்ள அந்தப் பட்டியலை ஒரு தம்பி தன்னோட எம்.ஏ. ப்ராஜெக்டுக்கு வாங்கிட்டுப் போயிருந்தான். போன் பண்ணி, "தம்பி, அந்த ஷீட்டைத் தொடாதே, தப்பு இருக்கு"ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அவன் சமர்ப்பிச்சிருந்தா, நாளைக்கு இன்னொருத்தர் அதை மேற்கோள் காட்டுவார். 950 வருஷம் கல்லுல சரியா நின்ன ஒரு எண்ணை நான் ஒரு மவுஸ் இழுப்புல மாத்தியிருப்பேன்.

என்ன நடந்தது?

நான் செல்லுக்குள்ள '15 கலம்'னு எழுத்தோட சேர்த்து அடிச்சிருந்தேன். அடுத்த ஆளுக்கும் அதே அளவுதானேன்னு செல்லோட வலது கீழ் மூலையில இருக்கிற சின்னக் கட்டத்தைப் பிடிச்சு கீழே இழுத்தேன். எண்ணும் எழுத்தும் கலந்து இருந்தா, எக்செல் அதை ஒரு தொடர்னு நினைச்சுக்கும். 15 கலம், 16 கலம், 17 கலம்னு ஏத்திக்கிட்டே போகும். வெறும் 15ன்னு இருந்தா அப்படியே நகல் எடுத்திருக்கும்.

இதே வேலையை கண்ட்ரோல் + டி வச்சு செஞ்சிருந்தா இந்தத் தப்பு நடந்தே இருக்காது. மேல் செல்லில் என்ன இருக்கோ அதை அப்படியே கீழே இறக்கும், தானா யூகம் பண்ணாது. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபிஸ் மூணுலயும் வேலை செய்யும்.

குறுக்குவிசைன்னாலே வேகம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. வேகம் உண்டு, மறுக்கலை. ஆனா எனக்கு இப்போ பெரிய லாபமா தெரியறது வேற. மவுஸ் பிடிக்கும்போது கண்ணு அம்புக்குறியைத் தேடிப் போயிடும். கை கீபோர்டுல இருந்தா கண்ணு மூலப் பாடத்தை விட்டு நகராது. அதோட, குறுக்குவிசை நீங்க கேட்டதை மட்டும் செய்யும்.

மறுபடி ஏத்தின பட்டியல்

இந்த முறை அலகைத் தலைப்புல போட்டேன், செல்லுக்குள்ள எண் மட்டும். கலத்துக்கு ஒரு காலம், காசுக்கு ஒரு காலம்!

வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன்: 90 கலம், 8 காசு
சல்லியக்கிரியை பண்ணுபவர் (அறுவை மருத்துவர்): 30 கலம்
மூலிகை, விறகு கொண்டுவரும் இருவர்: 60 கலம், 2 காசு
நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர்: 30 கலம், 1 காசு
நாவிதர்: 15 கலம்
தண்ணீர் கொண்டுவருபவர்: 15 கலம்

இதை ஏத்தும்போது பயன்பட்ட விசைகள்:

டேப், எண்டர். ஒரு ரோவுல டேப் அடிச்சு வலப்பக்கம் போங்க. கடைசி செல்லுல எண்டர் அடிச்சா, கர்சர் அடுத்த ரோவுல நீங்க ஆரம்பிச்ச காலத்துக்கே திரும்பிடும். பலருக்கு இது தெரியாது, அம்புக்குறி விசையை வச்சுத் திரும்பி வந்துக்கிட்டிருப்பாங்க.

விண்டோஸ் + ஸ்பேஸ். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற. பெயர் தமிழ்ல, ஃபார்முலா ஆங்கிலத்துல அடிக்கிற நமக்கு இதுதான் முதல் குறுக்குவிசை.

ஆல்ட் + சமக்குறி. கூட்டுத்தொகை. கலம் 240, காசு 11 வருது. ஒரு எச்சரிக்கை: நடுவுல வெற்று செல் இருந்தா அதுக்குக் கீழே உள்ளதை மட்டும் கூட்டிட்டு நின்னுடும். காசு காலத்துல சிலருக்கு ஒண்ணும் இல்லை, அதனால முழுசையும் தேர்வு பண்ணிட்டு அப்புறம் அடிக்கணும். இல்லைன்னா அந்த இடத்துல 0 போட்டுடுங்க.

கண்ட்ரோல் + கீழ் அம்பு. தரவு முடியற இடத்துக்கு ஒரே தாவல். நடுவுல வெற்று செல் இருந்தா அதுக்கு முன்னாடியே நின்னுடும். நான் இதை ஓட்டை கண்டுபிடிக்கப் பயன்படுத்தறேன். 300 ரோ ஏத்திட்டு ஒரு தட்டு தட்டுங்க. 112ல நின்னா, அடுத்த ரோவை விட்டுட்டீங்கன்னு அர்த்தம். ஷிஃப்டும் சேர்த்து அடிச்சா அதுவரைக்கும் தேர்வாகும்.

ஷிஃப்ட் + எஃப்2. செல்லுக்கு ஒரு குறிப்பு ஒட்ட. 'இங்கே எழுத்து சிதைஞ்சிருக்கு', 'இது என் யூகம்' மாதிரி விஷயங்களை எண்ணோட கலக்காம தனியா வைக்கலாம்.

கலம், குறுணி, நாழி

சோழர் காலக் கணக்குல 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். அதாவது ஒரு கலத்துக்கு 96 நாழி. ஆதுலர் சாலையில நோயாளி ஒருத்தருக்கு நாளுக்கு ஒரு நாழி அரிசி. 15 படுக்கையும் நிறைஞ்சு, வருஷத்துக்கு 360 நாள்னு வச்சுக்கிட்டா 5400 நாழி. 96-ஆல வகுத்தா ஈவு 56 கலம், மீதி 24 நாழி, அதாவது 3 குறுணி. சோழர் கல்வெட்டுகள்ல வர்ற 'ஐந்திரண்டு வண்ணம்' (5 பங்கு நெல்லுக்கு 2 பங்கு அரிசி) படி நெல்லாக்கினா 140 கலம் 7 குறுணி 4 நாழி. ஆறு வரி ஊழியர் சம்பளம் 240 கலம், நோயாளிகள் சோறு 140 கலம் சொச்சம். இப்படிப் பக்கத்துல பக்கத்துல பார்த்தாத்தான் அந்த ஆஸ்பத்திரியோட அளவு மனசுல நிக்குது.

இதுக்கு 96, 8, 2.5 மூணையும் ஷீட்டோட தலையில தனித்தனி செல்லுல வச்சேன். ஃபார்முலாவுல அந்தச் செல்லைக் காட்டினதும் எஃப்4 அடிச்சா டாலர் குறி விழும்; கண்ட்ரோல் + டி போட்டு எத்தனை ரோ இறக்கினாலும் அது நகராது. திருத்தணும்னா எஃப்2, மனசு மாறினா எஸ்கேப். லேப்டாப்ல எஃப்2 அடிச்சா வெளிச்சம் குறையுதுன்னா எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்க. இந்த எஃப்2, எஃப்4 ரெண்டும் 1983ல வந்த லோட்டஸ் 1-2-3 காலத்துப் பழக்கம். மென்பொருள் மாறியும் விசை மாறலை.

பின்னம் அடிக்கும்போது ஜாக்கிரதை. கல்வெட்டுல கால், மா, காணி (1/4, 1/20, 1/80) சர்வசாதாரணம். 1/4ன்னு அடிச்சா எக்செல் தேதியாக்கிடும். முதல்ல ஒரு பூஜ்யம், ஒரு ஸ்பேஸ், அப்புறம் 1/4 அடிங்க. தேதின்னு சொன்னதும் இன்னொண்ணு: 1900க்கு முந்தைய தேதி எக்செல்லுக்குத் தெரியாது. வீரராஜேந்திரன் ஆட்சியாண்டை வெறும் எண்ணா, தனிக் காலத்துல போடறதுதான் வழி.

கடைசியா, யாருக்கும் அனுப்பறதுக்கு முன்னாடி கண்ட்ரோல் + எஸ்கேப்புக்குக் கீழே இருக்கிற விசை. ஷீட் முழுக்க விடைகளுக்குப் பதில் ஃபார்முலாக்கள் தெரியும். எங்கேயாவது ஃபார்முலா இருக்க வேண்டிய இடத்துல வெறும் எண் உட்கார்ந்திருந்தா உடனே மாட்டிக்கும். மறுபடி அதையே அடிச்சா பழையபடி ஆகிடும்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மனப்பாடம் பண்ணாதீங்க, நிக்காது. நான் வாரத்துக்கு மூணுன்னு ஒரு சீட்டுல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டினேன். கை பழகினதும் சீட்டைக் கிழிச்சுட்டு அடுத்த மூணு. முதல் வாரத்துக்கு என் சிபாரிசு: கண்ட்ரோல் + டி, எஃப்2, கண்ட்ரோல் + கீழ் அம்பு.

திருத்தின பட்டியலை அந்தத் தம்பிக்கு அனுப்பிட்டேன். மாமாவுக்கும் ஒரு பிரிண்ட் கொடுத்தேன். பென்சிலை எடுத்து, கைக்கணக்கா மேலிருந்து கீழே கூட்டி, 240ன்னு அடியில எழுதி ஒரு டிக் போட்டார். "இப்போ சரி. அடுத்து அந்த மருந்துப் பட்டியலை எடு"ன்னார். அது ஓடிக்கிட்டிருக்கு. வாசாஹரீதகி, தசமூலஹரீதகின்னு இருபதுக்குப் பக்கம் வரி. முடிச்சதும் எழுதறேன்.