இல்லத்து மின்னிணைப்பும் காலமுறைப் பரிசோதனையும்

மனிதன் தன் பணிக்கு அமர்த்திக்கொண்ட இயற்கை ஆற்றல்கள் பல. அவற்றுள் நெருப்பு அணுகும்போதே சுடும். வெள்ளம் வருமுன்னரே இரையும். மின்னாற்றல் ஒன்றே நிறமும் மணமும் ஓசையும் இன்றி இருந்து, தொட்டவிடத்துத் தன்னை அறிவிக்கும் இயல்பினது. அவ்வாறு அறிவிக்கும் வேளையில் எச்சரிக்கைக்குக் காலம் கடந்துவிடுகின்றது. ஆதலின், ஐம்பொறிகள் செய்யவியலாத காவலைக் கருவிகளும் பரிசோதனையும் செய்யவேண்டியனவாகின்றன. இல்லங்களில் மின்னாற்றலால் விளையும் இடர்கள் யாவை, அவற்றைத் தடுக்கும் காவல்கள் எவ்வாறு தொழிற்படுகின்றன, அக்காவல்களைக் காலந்தோறும் சோதித்தல் ஏன் வேண்டும் என்பனவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாறு

ஆங்கிலநாட்டுச் சுவானும் அமெரிக்க நாட்டு எடிசனும் மின்விளக்கை 1879ஆம் ஆண்டளவில் பயனுறு நிலைக்குக் கொணர்ந்தனர். அதன்பின் மூன்றாண்டு கழியுமுன்னரே, 1882இல், மின்விளக்கினால் நேரும் தீயிடர்களைத் தடுத்தற்கான விதிகளை இலண்டனிலிருந்த மின்பொறியியலாளர் கழகம் வெளியிட்டது. அவ்விதிகளே பல பதிப்புகள் கண்டு வளர்ந்து, இன்று பிரித்தானியாவிலும், அதன் வழக்கைப் பின்பற்றும் இலங்கை முதலிய நாடுகளிலும் மின்னிணைப்புக்கு அடிப்படையாக நிற்கின்றன. புதிய ஆற்றலும் அதனை அடக்கும் விதியும் உடன்பிறந்தனவாக வளர்ந்தமை கருதற்பாலது.

இலங்கையில் நீர்வலுவால் மின்பிறப்பித்தலின் சிறப்பைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்தார். அவர் கனவின் முதற்கட்டமாகிய இலக்சபான மின்திட்டம் 1950இல் நிறைவேறிற்று. அன்று நகர்ப்புறச் செல்வர் மனைகளுக்கே உரித்தாயிருந்த மின்னொளி இன்று பெரும்பாலும் எல்லாச் சிற்றூர்களையும் எட்டிவிட்டது. விளக்கும் வானொலியும் மட்டுமே இருந்த வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியும், நீரிறைக்கும் இயந்திரமும், சலவை இயந்திரமும், நீர்கொதிக்கும் கேத்தலும், கணினியும் இடம்பெற்றுள்ளன. கருவிகள் பெருகின; சுவரினுள் ஓடும் கம்பிகளோ பல வீடுகளில் பழையனவாகவே உள்ளன. இடரின் தொடக்கம் இதுவே.

தீயின் தோற்றம்

கடத்தியொன்றினூடாக மின்னோட்டம் செல்லும்போது வெப்பம் பிறக்கின்றது. அவ்வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் கடத்தியின் தடைக்கும் நேர்விகிதசமமானது என்பது யூல் என்னும் அறிஞர் கண்ட விதி. ஓட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்கு மடங்காகும்; மும்மடங்காயின் ஒன்பது மடங்காகும்.

இவ்விதியை ஓர் இல்லத்தில் வைத்து நோக்குக. இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின்னழுத்தம் 230 வோல்ற்று. 2000 உவாற்றுக் கேத்தலொன்று ஏறத்தாழ 8.7 அம்பியர் ஓட்டத்தையும், 1000 உவாற்று மின்னழுத்தியொன்று ஏறத்தாழ 4.3 அம்பியர் ஓட்டத்தையும் இழுக்கும். இவ்விரண்டையும் பலவழிக் குதையொன்றில் ஒருங்கே செருகினால் 13 அம்பியர் செல்லும். அக்குதை, விளக்குக்கென 5 அம்பியருக்கு இடப்பட்ட மெல்லிய கம்பியிலிருந்து எடுக்கப்பட்டதாயின், அக்கம்பியில் ஏழு மடங்குக்கு அண்மையான வெப்பம் பிறக்கும். அதனைப் போர்த்திருக்கும் பி.வி.சி. காவலுறை 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை நீடித்துத் தாங்கவல்லதன்று. அது முதலில் இளகும். பின்னர் இறுகி வெடிக்கும். ஈற்றில் கம்பியை வெறுமையாக்கும்.

இதனினும் வஞ்சகமானது தளர்ந்த மூட்டு. குதையின் திருகாணி நெகிழ்ந்து, கம்பி சேருமிடத்தில் அரை ஓம் தடை தோன்றிற்று எனக் கொள்க. அவ்வழியே 10 அம்பியர் செல்லும்போது அச்சிறு புள்ளியில் 50 உவாற்று வெப்பம் பிறக்கும். வானொலி திருத்துவோர் ஈயத்தை உருக்கும் பற்றாசுக்கோலின் வெப்பத்துக்கு இது நிகர். ஓட்டம் மிகாமையால் உருகி இதனை அறியாது. கேத்தல் வழமைபோற் கொதிக்கும். விளக்கு வழமைபோல் எரியும். சுவரினுள் மட்டும் மரச்சட்டம் கருகிக்கொண்டிருக்கும்.

உடலும் மின்னோட்டமும்

மின்தாக்கத்தில் உயிரைக் கவர்வது அழுத்தமன்று. உடலினூடே செல்லும் ஓட்டமே. ஆயிரத்திலொரு பங்கு அம்பியர், அதாவது ஒரு மில்லியம்பியர், மெல்லிய கூச்சமாக உணரப்படும். 10 மில்லியம்பியரை அண்மித்ததும் தசைகள் இறுகிக் கை பிடித்ததை விடமாட்டாமற் போகும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்சு டால்சியல், தாமாக முன்வந்தோரைக்கொண்டு நிகழ்த்திய ஆய்வுகளில், கையை விடுவிக்கவியலும் எல்லை ஆடவருக்குச் சராசரி 16 மில்லியம்பியர் எனவும் பெண்டிருக்கு 10.5 மில்லியம்பியர் எனவும் கண்டார். இவ்வெல்லையைக் கடந்து சில பத்து மில்லியம்பியர் ஓட்டம் மார்பினூடே நீடிப்பின், இதயம் ஒழுங்கிழந்து துடித்து நின்றுவிடக்கூடும்.

நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ற்றைத் தொட்டவரின் உடலிற் செல்வது 230 மில்லியம்பியர். இது உயிர் போக்கப் போதியதற்கும் மிகையானது. ஆயின், 5 அம்பியர் உருகி அறுவதற்கு இதனினும் இருபது மடங்குக்கு மேற்பட்ட ஓட்டம் வேண்டும். இக்கணக்கிலிருந்து பெறப்படும் உண்மை யாதெனின், உருகியும் சுற்றுடைப்பானும் கம்பியைக் காப்பனவேயன்றி மனிதனைக் காப்பனவல்ல என்பதாகும். உருகி இருக்கின்றதே என்று நிம்மதி கொள்வோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

மூவகைக் காவல்

நன்கமைந்த இல்லத்தில் மூன்று காவல்கள் உள. முதலாவது, மிகையோட்டத்தைத் துண்டிக்கும் உருகி அல்லது சுற்றுடைப்பான். இரண்டாவது, கருவிகளின் உலோக உடலை நிலத்துடன் இணைக்கும் புவித்தொடுப்பு. மூன்றாவது, மக்கள் 'ட்றிப் சுவிச்சு' என வழங்கும் மீதியோட்டச் சுற்றுடைப்பான்.

புவித்தொடுப்பு ஒன்றே போதும் என்பது பலர் கொண்ட எண்ணம். கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரத்தின் உயிர்க்கம்பி உறையிழந்து அதன் இரும்புடலைத் தொட்டுவிட்டது எனக் கொள்க. சுண்ணாம்புக் கற்பாறைமீது மெல்லிய மண் போர்த்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், கோடையில் நிலம் வறண்டிருக்கும்போது, புவித்தொடுப்புக் கோலின் தடை 50 ஓம் ஆதல் அரிதன்று. அப்போது நிலத்துட் செல்லும் ஓட்டம் 230ஐ 50ஆல் வகுக்க வரும் 4.6 அம்பியர் மட்டுமே. 5 அம்பியர் உருகியும் இதற்கு அறாது. இயந்திரத்துக்குரிய 15 அம்பியர் உருகியைச் சொல்லவேண்டுவதில்லை. இயந்திரத்தின் உடல் ஏறக்குறைய முழு அழுத்தத்துடன் நிற்க, ஈரக்காலுடன் வருபவர் அதனைத் தொடுகின்றார்.

இவ்விடத்தில் உயிர் காப்பது மூன்றாவது காவல். உயிர்க்கம்பி வழியே செல்லும் ஓட்டமும் நொதுமற் கம்பி வழியே மீளும் ஓட்டமும் சமமாயிருத்தல் வேண்டும். இரண்டும் ஒரே இரும்பு வளையத்தினூடாகச் செலுத்தப்படுகையில் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழிக்கும். சிறிதளவு ஓட்டம் மனித உடல் வழியாகவோ இரும்புடல் வழியாகவோ நிலத்துட் கசியின் சமநிலை குலையும். வளையத்திற் சுற்றிய மூன்றாம் சுருளில் ஓட்டம் தூண்டப்படும். பொறி விடுபட்டு இணைப்பு அறும். வீடுகளுக்குரிய இச்சாதனம் 30 மில்லியம்பியர்க் கசிவிலேயே, ஒரு செக்கனின் சிறு பின்னத்துள் தொழிற்பட அமைந்தது. எனினும், நிலத்தொடர்பின்றி நின்று உயிர்க்கம்பியையும் நொதுமற் கம்பியையும் இரு கைகளாற் பற்றியவரை இதனாலும் காக்கவியலாது; ஓட்டம் சென்றவாறே மீள்வதால் வேறுபாடு தோன்றாமையே காரணம். ஆகவே மூன்றும் ஒன்றுக்கொன்று துணையாவனவேயன்றி ஒன்றுக்கு மற்றொன்று ஈடாவனவல்ல.

ஓசையின்றிக் கெடுதல்

பரிசோதனையின் இன்றியமையாமை இனிப் புலனாகும். வீட்டிலுள்ள ஏனைய பொருள்கள் கெட்டால் அக்கேடு வெளிப்படும். கூரை கெட்டால் ஒழுகும். கதவு கெட்டால் முனகும். மின்னிணைப்பின் காவல்களோ ஓசையின்றிக் கெடுவன. புவிக்கம்பி துருவேறி அறுந்தாலும் எல்லாக் கருவிகளும் முன்போலவே இயங்கும். ஆளியை உயிர்க்கம்பியில் இடாது நொதுமற் கம்பியில் இட்டிருந்தாலும் விளக்கு ஏற்றவும் அணைக்கவும் முடியும். ஆயின் அணைத்த பின்னும் விளக்குத் தாங்கியில் உயிரழுத்தம் நிற்கும். குமிழ் மாற்றப் புகுந்தவர் அதனைக் கையால் அறிவார். நெடுநாள் அசையாத ட்றிப் சுவிச்சின் பொறி இறுகிவிடின், வேண்டிய நாளில் அது விடுபடாது. எனவே, விளக்கு எரிதல் மின்னிணைப்பின் நலத்துக்குச் சான்றாகாது. "இத்தனை ஆண்டும் ஒன்றும் நிகழவில்லையே" என்னும் கூற்று, காவலன் உறங்குவதை அறியாது கள்வன் வராமையை அவன் திறமையெனப் போற்றுவதை ஒக்கும்.

இலங்கையின் வடபகுதிக்கு இது சிறப்பாகப் பொருந்தும். 1990 முதற் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையின் தொடர்பின்றி மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்தது. இடம்பெயர்ந்தோர் வீடுகள் கூரையிழந்து மழையில் நனைந்தன. கறையானும் எலியும் கம்பியுறைகளை அரித்தன. மீண்டு வந்தோர் எஞ்சிய பழங் கம்பியுடன் புதுக் கம்பியை முடிந்து ஒளியேற்றிய வீடுகள் உள. பழங் கம்பிகளிற் சில, நாளடைவில் காய்ந்து உதிரும் றப்பர் உறையன. கடலோரத்து உப்புக்காற்று செப்பு மூட்டுகளைப் பச்சைப்படியச் செய்கின்றது. கோயில் திருவிழாக் காலங்களில் இழுக்கப்படும் தற்காலிக விளக்குத் தொடர்களும், தோட்டங்களில் விலங்குகளைத் தடுக்கவென விதிக்கு மாறாக மின்னூட்டப்படும் கம்பிகளும் வேறு இடர்களாம். பின்னது எத்துணைப் பயன் கருதியதாயினும் மன்னிக்கத்தக்கதன்று. அக்கம்பி பன்றியையும் பாலகனையும் பகுத்தறிவதில்லை.

பரிசோதனை எத்தகையது

தகைமைபெற்ற மின்வினைஞர் செய்யும் பரிசோதனை மூன்று படிகளைக் கொண்டது. முதற்படி கண்ணால் நோக்கல்: கருகிய குதைகள், வெடித்த உறைகள், உருகிக்கு மாறாக இடப்பட்ட தடித்த செப்புக்கம்பி, ஈரம் படியும் சுவர்கள் ஆகியன இதில் வெளிப்படும். இரண்டாம் படி, தலைமை ஆளியை நிறுத்திக் கருவியால் அளத்தல்: புவிக்கம்பி அறாது தொடர்கின்றதா, ஆளிகள் உயிர்க்கம்பியிலேயே உள்ளனவா எனப் பார்த்தல், கம்பிகளுக்கிடையே 500 வோல்ற்று அழுத்தத்தைச் செலுத்திக் காவலுறையின் தடை ஒரு மெகாவோமுக்குக் குறையாதிருத்தலை உறுதிசெய்தல், புவித்தொடுப்புக் கோலின் தடையை அளத்தல். மூன்றாம் படி, மின்னூட்டிய நிலையில் ட்றிப் சுவிச்சு எத்தனை மில்லியம்பியரில், எவ்வளவு நேரத்தில் விடுபடுகின்றது எனக் காணல். இவ்வளவும் எழுத்தில் அறிக்கையாகப் பெறப்படல் வேண்டும். அடுத்த பரிசோதனையின் அளவுகளை இவற்றுடன் ஒப்பிட்டால், கேடு முற்றுமுன்னரே அதன் போக்குப் புலப்படும்.

உரிமையாளர் வாழும் வீடுகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறையேனும், வாடகை வீடுகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்தல் பிரித்தானிய வழக்கு. 2020இல் ஆக்கப்பட்ட விதிகளால் இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு இது சட்டக் கடமையாயிற்று. யப்பானில் வீடுகளின் மின்னிணைப்பை நான்காண்டுக்கு ஒருமுறை சோதிக்கும் ஏற்பாடு சட்டத்தால் அமைந்துள்ளது. இலங்கையிலோ புதிய இணைப்புப் பெறும் வேளையிற் சோதனை அறிக்கை கேட்கப்படுகின்றது. அதன்பின் மறுசோதனை பெரும்பாலும் வீட்டுக்காரரின் விருப்பத்தைப் பொறுத்ததாகின்றது. சட்டம் வற்புறுத்தாதவிடத்து அறிவு வற்புறுத்தல் வேண்டும். வீடு கைமாறும்போதும், வெள்ளம் புகுந்த பின்னும், பெருங் கருவியொன்று புதிதாகச் சேரும்போதும் ஆண்டெல்லையை எதிர்பாராது சோதித்தலே தக்கது.

இரு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் வீட்டார் செய்யத்தக்கனவும் உள. ட்றிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை ஓரிரு மாதங்களுக்கொருமுறை அழுத்திப் பார்த்தல் அவற்றுள் தலையாயது. அப்பொத்தான் பொறியின் அசைவை மட்டுமே காட்டும்; புவித்தொடுப்பின் நலத்தைக் காட்டாது என்பதையும் அறிந்திருத்தல் நன்று. சூடேறும் செருகி, காரணமின்றி மங்கும் விளக்கு, கருகல் மணம், தொட்டவிடத்துக் கூச்சம், அடிக்கடி விடுபடும் சுற்றுடைப்பான் ஆகியன வீட்டார் அலட்சியஞ் செய்யலாகாத அறிகுறிகள். விடுபடும் ட்றிப் சுவிச்சைத் தொல்லையெனக் கருதி நீக்கிவிடுதல், நோயை உணர்த்தும் காய்ச்சலுக்கு அஞ்சி வெப்பமானியை உடைப்பது போன்றது. ஒருவர் மின்தாக்குண்டு கிடப்பின் அவரைத் தொடாது, முதலில் தலைமை ஆளியை நிறுத்துதல் வேண்டும் என்பதைச் சிறுவரும் அறிந்திருத்தல் அவசியம்.

முடிவு

ஓமின் விதியும் யூலின் விதியும் பாடசாலைகளில் ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகின்றன. பரீட்சைத் தாள்களில் வழுவின்றி எழுதப்படுகின்றன. அவ்விதிகள் மாணவன் உறங்கும் அறையின் சுவரினுள்ளும் இடையறாது தொழிற்படுகின்றன என்பதை உணர்த்துவது ஆசிரியர் கடன். உணர்ந்து இல்லத்தோருக்கு உரைப்பது மாணவர் கடன். பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது பொருளீட்டும் பெரியோர் கடன். அதற்காகும் செலவு, வீட்டுக்கு ஒருமுறை வண்ணம் தீட்டும் செலவினும் குறைவானது. வண்ணம் காண்போர் கண்ணை மகிழ்விக்கும். பரிசோதனையோ வாழ்வோர் உயிரைக் காக்கும். காணப்படாத ஆற்றலைக் காணப்படாத காவல்கள் அடக்கி நிற்கும் இல்லத்தில், அக்காவல்கள் விழித்திருக்கின்றனவா என ஒருகாற் சென்று பார்த்தலே அறிவுடைமை.